டேக்சாவுக்கு அரக்கு வைத்த அயல்நாடு

கல்யாண விருந்தில் ஒரே ஒரு கறிதான் பரிமாற வேண்டும் என்று பஞ்சாப் மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு குருமா, ஒரு சோறு, ரொட்டி, ஒரு இனிப்பு. அதற்கு மேல் போனால் கல்யாண வீட்டார், ஷாமியானாக்காரர், சமையல்காரர் எல்லோரும் குற்றவாளிகள். ஏழைகள் கடன்பட்டுக் கெட்டுப்போகக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு பணக்காரர்கள் கூடி இயற்றிய சட்டம் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோட் மெஹ்தாப் ஊரில் இந்தச் சட்டம் பயபக்தியோடு கடைப்பிடிக்கப்பட்டு வந்தது. ஷாமியானாவின் முன்பக்கம் ஒரு கறி. பின்பக்கம், படுதாவுக்கு அப்பால் கயிற்றுக் கட்டில்களைப் போட்டு, முக்கியஸ்தர்களுக்கு மற்ற கறிகள். சட்டம் முன்பக்கத்தைத்தான் சொல்கிறது என்பது ஊரின் தீர்மானமான கருத்து. அதைக் கண்காணிக்க மஷ்கூர் சீமா என்று ஒரு அதிகாரியும் இருந்தார். அவர் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போய், முன்பக்கத்தை முறைப்படி நோட்டமிட்டு, பின்பக்கம் போய் முறைப்படி சாப்பிட்டு, 'விதிமீறல் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிவிட்டு வருவார். சாப்பிடும்போது அவர் கண் தட்டை விட்டு அகலாது. ஆகவே எதுவும் காணப்படவில்லை என்பது முழு உண்மை.

நகராட்சித் தலைவர் சௌத்ரி குர்ஷித் வரைச் தன் மகன் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் வலிமா விருந்து வைத்த அன்று மட்டும் மஷ்கூருக்கு வயிறு சரியில்லை. துபாயிலிருக்கும் மச்சான் அனுப்பிய ஏதோ ஒரு டப்பாவை, கெட்டுப்போவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்ற சிக்கன புத்தியில், தனியாளாகத் தின்று தீர்த்ததன் பலன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பின்பக்கம் போனார். அங்கே பெரிய டேக்சா நிறைய ஆட்டுக்கறி, நல்லி எலும்புகள் மேலே மிதக்க, சின்னத் தீயில் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் அவர் வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது.

சாப்பிட முடியாத அதிகாரிக்குக் கடமையைச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. தான் தொட முடியாத டேக்சாவை மற்றவர்கள் உட்கார்ந்து காலி செய்யப்போகிறார்கள் என்று நினைத்தபோது அவருக்குச் சட்டத்தின்மேல் திடீரென்று ஒரு பற்று பொங்கி வந்தது. சமையல்காரர்கள் பாட்டுக்காரனைப் பார்க்க முன்பக்கம் போயிருந்தார்கள். பையிலிருந்து அரக்குக் குச்சியை எடுத்தார். வேலையில் சேர்ந்த நாளில் கொடுத்தது. உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அடுப்பிலேயே அதை உருக்கி, தீயை அணைத்து, மூடியைச் சாத்திச் சுற்றிலும் ஊற்றி, அரசு முத்திரையைக் குத்தினார். குத்திய வேகத்தில் வயிறு மறுபடி கூப்பிட்டது. கரும்புக் காட்டுக்கு ஓடியவர் அப்படியே வீடு போய்ச் சேர்ந்தார்.

அவர் முத்திரை குத்தியதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். கட்டிலில் உட்கார்ந்து நல்லி உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரன். சைக்கிளில் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தவனை வழிமறித்து, 'சாப்பிடாம எங்க ஊரைத் தாண்டிடுவியா நீ?' என்று கையைப் பிடித்து இழுத்துவந்து முதல் தட்டை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் நகராட்சி மன்ற உறுப்பினர்கள் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் ஹாஜி பஷாரத். ஊரில் எந்த விருந்தானாலும் முதல் நல்லி அவருக்கு. அது அவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் உரிமை.

"என்னய்யா இது சிவப்பா?" என்றார் ஹாஜி.

"அரக்கு. அரசு முத்திரை" என்றார் ஒருவர்.

"உடைங்கய்யா."

"நான் மாட்டேன் ஹாஜி சாகிப். கோர்ட்டு முத்திரையோ, போலீஸ் முத்திரையோ, அதுக்கும் மேலயோ? எவன் முத்திரைன்னு தெரியாம உடைச்சுட்டு எவன் உள்ள போறது?"

ஹாஜி டேக்சாவைப் பார்த்தார். முன்பக்கத்தில் எல்லோரோடும் எல்லோராகக் கோழிக் குருமா தின்றுகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். "புரிஞ்சுபோச்சு. கறியை மிச்சம் பிடிக்கிறதுக்கு சௌத்ரியே சீல் வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கோழிக் குருமா செரிப்பதற்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. சௌத்ரி குர்ஷித்தின் அரசு கவிழ்ந்தது. நகராட்சியை அரசு என்று சொல்வது சௌத்ரியின் வழக்கம். ஊரும் மரியாதை கருதி மறுத்ததில்லை. புதிய தலைவராக மலிக் ஷேர் பாஸ் பதவியேற்றார்.

தோற்ற மனிதர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வதுதான் பழைய முறை. ஆனால் அது அந்நியச் சதிகளின் பருவம். எந்த அரசும் தானாகக் கவிழ்வதில்லை என்று தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் நித்தமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சௌத்ரி கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு டிராக்டர்மேல் ஏறி நின்றார்.

"என்னைக் கவுத்தது ஹாஜி பஷாரத்தா? அந்த ஆளுக்கு ஒரு கோழியைக் கூடையில கவுக்கத் தெரியுமாய்யா?"

"தெரியாது!" என்றது கூட்டம்.

"அப்போ கவுத்தது யாரு?"

கூட்டம் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னது. அந்தப் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. தெரியாதவர்கள் யாருமில்லை, எழுதினால் விசா கிடைக்காது. பெரிய நாடு என்று வைத்துக்கொள்வோம்.

"ஏன் கவுத்தாங்க? நான் எவனுக்கும் தலைவணங்காத சுதந்திரமான சாக்கடைக் கொள்கை வெச்சிருந்தேன்! நம்ம ஊர்ச் சாக்கடை எவன் சொல்லியாவது எந்தப் பக்கமாவது ஓடியிருக்கா?"

"இல்லை! இல்லை!"

"அது அவங்க கண்ணை உறுத்திச்சு!"

ஊரே ஆடிப்போய்விட்டது, பெருமையில். பக்கத்து ஊர்க்காரனுக்கே வழி சொல்லத் தெரியாத கோட் மெஹ்தாப்பைப் பெரிய நாடு தேடிக் கண்டுபிடித்து, வரைபடம் போட்டு, உட்கார்ந்து சதி செய்திருக்கிறது! அன்று மிட்டாய்க் கடைகளில் ஜிலேபி தீர்ந்துபோனது. தோற்ற கட்சியும் வாங்கியது, ஜெயித்த கட்சியும் வாங்கியது.

அதற்குப் பிறகு சதிக்கு ஆளாகாதவன் ஊரில் மனிதனில்லை என்றாகிவிட்டது. நிச்சயதார்த்தம் முறிந்த வீட்டில் 'வெளிநாட்டு வேலை' என்றார்கள். தையல்காரர் சல்வாரைக் குட்டையாகத் தைத்துவிட்டு, "மேலிடத்து நெருக்கடி, வெளிய சொல்லாதீங்க" என்றார். ஒட்டுக்கேட்கிறார்களாம் என்பதற்காக நாலு பேர் கூடினால் போன்களை ஃபிரிஜ்ஜில் வைத்து மூடிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது நாகரிகம். ஃபிரிஜ் இல்லாதவர்கள் கோதுமை மாவு டின்னுக்குள் வைத்தார்கள். மாவு படிந்த போன் வைத்திருப்பவன் முக்கியமான ஆள் என்று பெண் கொடுக்க முன்வந்தவர்கள்கூட உண்டு. பக்கத்து ஊரில் அரசு இன்னும் கவிழாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் சந்தைக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

இந்தக் குதூகலத்தில் சேர முடியாமல் தவித்தவர் மஷ்கூர் ஒருவர்தான். ஏனென்றால் அவர் மகள் மெஹ்விஷை நிச்சயம் செய்திருந்தது ஹாஜி பஷாரத்தின் மகனுக்கு. தன் அப்பா காலத்து நல்லியை மறித்தது யார் என்று ஹாஜிக்குத் தெரிந்தால் அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. மெஹ்விஷோ மருதாணிக் கோலங்களைப் போனில் பார்த்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேர்வையைத் துடைத்தார்.

"ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" என்றாள் மனைவி நுஸ்ரத்.

"நாட்டு நிலைமை" என்றார்.

ஒரு நாள் காலை உதவி ஆணையர் ஷஹரியார் அவரைக் கூப்பிட்டனுப்பினார். இளைஞர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கனவுகூட இங்கிலீஷில்தான் வரும் என்று சொல்லிக்கொள்வார்.

"சீமா சாகிப், விசாரணை அதிகாரியா உங்களைப் போட்டிருக்கேன். சௌத்ரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாத ஒரே அதிகாரி நீங்கதான். நடுநிலை."

"நான் போகலைன்னு எப்படி சார்..."

"நீங்க சாப்பிட்டதை யாருமே பாக்கலையே. சாப்பிடலைன்னா வரலைன்னுதானே அர்த்தம்?"

தன் பெயரை ஊரில் ஒருவர்கூடச் சந்தேகத்தோடு உச்சரிக்காதது ஏன் என்று மஷ்கூருக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை கல்யாணங்களில் ஒரு டேக்சாவின் மூடியைக்கூடத் தொடாமல் சேர்த்து வைத்த நற்பெயர் அது.

"சதி இருந்துதான்னு விசாரிக்கணுமா சார்?"

"இருந்துதான்னு விசாரிக்க எதுக்கு அதிகாரி? இருக்குன்னு மேலயே முடிவாயிடுச்சு. அது எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிங்க."

முக்கிய தடயமான டேக்சா, அரக்கு உடையாமல், அலுவலகத் தாழ்வாரத்தில் துப்பாக்கி ஏந்திய காவலோடு வைக்கப்பட்டது. வெயில் ஏற ஏற அது தன் இருப்பைத் தெரிவிக்க ஆரம்பித்தது. காவலர்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். மனு கொடுக்க வந்த பொதுமக்கள் வாசலிலேயே குறையை மறந்துவிட்டுத் திரும்பினார்கள். இதனால் நிலுவை மனுக்கள் வெகுவாகக் குறைந்தன என்று மாவட்டத்திலிருந்து பாராட்டு வந்தது.

விசாரணையில் முதல் சாட்சி ஹாஜி பஷாரத். அன்று டேக்சா முன்னால் தான் சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"சம்பந்தி, எழுதிக்கோங்க. நான் பெரிய நாட்டுக்கு விலை போயிட்டேன்" என்றார், மார்பை நிமிர்த்தி.

"ஹாஜி சாகிப், யோசிச்சுச் சொல்லுங்க. கைக்கூலின்னு பேர் வந்துடும்."

"வரட்டுமேய்யா! ஒரு எலும்புக்காக வோட்டுப் போட்டான்னு பேர் வர்றதைவிட இது மேல் இல்லையா? என் பேரப்பசங்க நாளைக்கு என்ன சொல்லிக்குவாங்க?"

"சரி, யார் உங்ககிட்ட பேசினா?"

"யாருமே பேசல."

"அப்புறம் எப்படி?"

"அவ்வளவு ரகசியம்னு பாத்துக்கோங்க!"

மற்ற உறுப்பினர்களும் இதே கௌரவத்தைக் கோரி வரிசையில் நின்றார்கள். ஒருவருடைய தங்கை மகன் பர்மிங்காமில் டாக்சி ஓட்டுகிறான். அதனால் தன்னைத்தான் முதலில் அணுகியிருக்க வேண்டும் என்றார். இன்னொருவர் வோட்டுப் போட்ட அன்று தன் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனதைச் சொன்னார். எல்லோரையும் பெரிய நாட்டின் பெயரிலேயே எழுதினால் மேலே இருப்பவர்கள் நம்பமாட்டார்களே என்று மஷ்கூர் கடைசியாக வந்த பெண்கள் தொகுதி உறுப்பினர் ஷகூரன் பீபிக்கு வேறொரு நாட்டை ஒதுக்கினார்.

"சுவிட்சர்லாந்தா?" என்று எழுந்து நின்றாள் ஷகூரன். "ஏன், பொம்பளைன்னா இளப்பமா?"

"பாஜி, நீங்க எனக்கு அக்கா மாதிரி. நல்ல நாடு. குளுகுளுன்னு மலை, மாடு..."

"அந்த ஊருக்குக் கடலே கிடையாதாமே! கப்பல் இல்லாத நாட்டுக்காரனா என் வோட்டை வாங்குவான்? அதுவுமில்லாம இங்கேயிருந்துதான் பணம் அங்க போகும். அங்கேயிருந்து இங்க திரும்பி வந்ததை எவனாச்சும் பாத்திருக்கானா?"

"மத்த நாடெல்லாம் ஆள் நிறைஞ்சுபோச்சு பாஜி. நீங்க கடைசியா வந்தீங்க."

"வீட்டுல சமைச்சு வெச்சுட்டுதானே வரணும் நாங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மஷ்கூருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அரசாங்க ஒதுக்கீட்டில் கடைசியாக வருபவர்களுக்கு நல்லது கிடைத்ததாக அவர் அறிந்ததில்லை.

இனி ஒரு அயல்நாட்டவன் வேண்டும். சதி இருக்கிறது, விலை போனவர்கள் இருக்கிறார்கள், வாங்கியவனைக் காணோம். மஷ்கூருக்கு அந்தச் சைக்கிள்காரன் நினைவுக்கு வந்தான். தன்னைப் பார்த்த ஒரே சாட்சி. மலை தாண்டி எங்கோ போயிருப்பான்; இனி எதற்கு வரப்போகிறான்? ஊரில் ஒவ்வொருவர் போனிலும் அவனோடு எடுத்த படம் இருந்தது, கையில் நல்லியோடு. மஷ்கூருக்கு உயிர் வந்தது.

அறிக்கையில் இப்படி எழுதினார்: 'மேற்படி அயல்நாட்டவர், உள்நாட்டுப் பிரமுகர்களுக்கென ஒதுக்கப்பட்ட வளத்தின் உட்சாரத்தை அவர்கள் வருகைக்கு முன்பே உறிஞ்சியதோடு, எஞ்சிய வளம் உரியவர்களைச் சென்றடையாவண்ணம் முத்திரையிட்டு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் ஸ்திரத்தன்மையைக் குலைத்துள்ளார் என்பது ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாகிறது.'

ஷஹரியார் அதைப் படித்து மேஜையைத் தட்டினார். "பிரமாதம்! எலும்பைப் பத்தி எழுதினது மாதிரியே இல்ல!"

அறிக்கை மாகாணத் தலைநகர் வரை போனது. ஷஹரியாருக்குப் பதவி உயர்வு என்று பேச்சு வந்தது. மஷ்கூர் விருந்துக் கண்காணிப்பிலிருந்து உயர்த்தப்பட்டு மேஜையும் மின்விசிறியும் உள்ள அறைக்குப் போனார்; அவருடைய பழைய வேலைக்கு வகாஸ் என்று ஒரு புது ஆள் வந்தார். சௌத்ரி தியாகியானார். புதிய தலைவர் மலிக் ஷேர் பாஸ் முதலில், "நான் எவன் கைக்கூலியும் இல்லை" என்று கோபமாக அறிவித்தார். மறுநாள் யோசித்துப் பார்த்துவிட்டு, "பெரிய நாடே பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்த ஆள் நான். நீங்க சும்மா வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை" என்று அறிவித்தார். டேக்சாவைக் கரும்புக் காட்டில் ஆழக் குழி வெட்டி, மரியாதையோடு புதைத்தார்கள்.

மெஹ்விஷின் கல்யாண நாள் வந்தது. முன்பக்கம் ஒரு கறி; பின்பக்கம் மற்றவை. நிக்காஹ்வுக்கு முன்பு சாப்பாடு என்று ஹாஜி பிடிவாதம் பிடித்தார். முதல் நல்லி அவருக்குப் போனது. சௌத்ரி வந்திருந்தார், மலிக் வந்திருந்தார், ஷஹரியார் வந்திருந்தார். புது கண்காணிப்பாளர் வகாஸ் கூச்சத்தோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தட்டைக் கொறித்துக்கொண்டிருந்தார். சௌத்ரி மஷ்கூரைத் தனியே இழுத்துக் காதில் சொன்னார்: "நீ என் மானத்தைக் காப்பாத்தின ஆளு. என் அரசு மட்டும் திரும்ப வரட்டும், நகராட்சியில தலைமை அதிகாரி நீதான். ஆனா இந்த மலிக்கைக் கவுக்கிறதுக்குத்தான் ஒரு வழி பிடிபட மாட்டேங்குது."

மஷ்கூர் மனம் நிறைந்து சிரித்தார். அப்போது ரோட்டுப் பக்கம் கூச்சல் கேட்டது.

"பிடிச்சுட்டோம்! பிடிச்சுட்டோம்! சாப்பிடாம போகப் பாத்தான்!"

நாலு பேர் ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே, தோள்மேல் பத்துக் கைகளோடு, அந்த வெள்ளைக்காரன். தாடி வளர்ந்திருந்தது, மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. மலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவனை ஊர் வழக்கப்படி இழுத்துவந்துவிட்டார்கள். கட்டிலில் உட்காரவைத்து, கையில் தட்டைக் கொடுத்து, தட்டில் நல்லியை வைத்த பிறகுதான் ஒருவன் தன் போனில் இருந்த படத்தையும் அந்த மூஞ்சியையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அடேய்! இது நம்ம சதிகாரன்டா!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. அடிக்க வந்தவர்களைவிடப் படம் எடுக்க வந்தவர்கள் அதிகம். "முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் கேளுங்கய்யா. விருந்தாளி" என்று யாரோ சத்தம் போட்டார்கள். படுதாவுக்கு அந்தப் பக்கம் மணப்பெண் அலங்காரத்தில் மெஹ்விஷ் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணம் முடிய மாப்பிள்ளையின் சம்மத வார்த்தை, ஒரு 'கபூல்', இன்னும் பாக்கி.

இங்கிலீஷ் தெரிந்தவர் ஷஹரியார் என்பதால் அவரே விசாரித்தார். மஷ்கூருக்குப் பேச வராது என்றாலும் கேட்டால் புரியும்.

"அன்றைக்கு இங்கே என்ன நடந்தது?" என்று ஷஹரியார் இங்கிலீஷில் கேட்டார்.

வெள்ளைக்காரன் சந்தோஷமாகப் பேசினான். அன்று தனக்கு எலும்பு கொடுத்தார்கள், அப்படி ஒரு ருசியை அதற்கு முன் கண்டதில்லை, பிறகு ஒரு அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், சிவப்பாக எதையோ உருக்கி ஊற்றிவிட்டு வயலுக்குள் ஓடினார் என்றான். சொல்லிக்கொண்டே திரும்பியவன் மஷ்கூரைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது. "இவர்தான்! ஐயா, இப்போது உங்கள் வயிறு எப்படி இருக்கிறது?"

ஷஹரியார் மஷ்கூரைப் பார்த்தார். மஷ்கூர் தரையைப் பார்த்தார். ஷஹரியாரின் கண்ணில் பதவி உயர்வு ஒரு முறை வந்து போனது. அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் ஒத்துக்கிறார். இவ்வளவு பெரிய சதியைக் கண்டுபிடிச்ச அதிகாரி இவர்தானான்னு ஆச்சரியப்படுறார்."

வானம் அதிரக் கைதட்டினார்கள். ஹாஜி மஷ்கூரைக் கட்டிக்கொண்டார். மஷ்கூர் உள்ளுக்குள்ளே படைத்தவனுக்கு நன்றி சொன்னார். அதோடு நின்றிருந்தால் எல்லாம் நலமாக முடிந்திருக்கும். ஆனால் ஹாஜிக்கு ஆசை அடங்கவில்லை. பெரிய நாட்டின் பெயரை அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்று, தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷில், "யுவர் கன்ட்ரி?" என்றார்.

"சுவிட்சர்லாந்து" என்றான் அவன்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது.

"நான்தான்! நான் ஒருத்திதான் உண்மையா விலைபோனவ! மத்ததெல்லாம் போலி!" என்று ஷகூரன் பீபி படுதாவை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்னவோ சொன்னீங்களே ஹாஜி, பெரிய நாடாம்! உங்களை எவனும் சீண்டவே இல்லை!"

ஹாஜியின் முகம் கறுத்தது. "கடலே இல்லாத ஊர்க்காரனா என் அரசைக் கவுத்தான்?" என்று சௌத்ரி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ என்னைத் தேர்ந்தெடுத்தது..." என்று ஆரம்பித்த மலிக் பாதியில் நிறுத்திக்கொண்டார். போன்களில் எடுத்த படங்களை ஆட்கள் அழிக்கத் தொடங்கினார்கள்.

"ஊருக்கே தலைகுனிவு!" என்று ஹாஜி எழுந்தார். "இந்த விசாரணையை நடத்தினவன் வீட்டுல எனக்குச் சம்பந்தமா? எழுந்திருடா மகனே, போகலாம்!"

மாப்பிள்ளை எழுந்தான். படுதாவுக்குப் பின்னால் மெஹ்விஷ் விசும்புவது மஷ்கூர் காதில் விழுந்தது. அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. பதவி, மேஜை, மின்விசிறி எல்லாம் ஒரு நொடியில் மனதிலிருந்து போய்விட்டன. கயிற்றுக் கட்டில்மேல் ஏறி நின்றார்.

"சுவிட்சர்லாந்து இல்லை! பெரிய நாடும் இல்லை! ஒரு நாடும் இல்லை! நான்தான்யா டேக்சாவுக்கு அரக்கு வெச்சேன்! எனக்கு அன்னைக்கு வயித்துப்போக்கு! சாப்பிட முடியல, வயித்தெரிச்சல், மூடி சீல் வெச்சுட்டேன்! ஊருக்கு ஒரு அவமானமும் இல்லை! என் பொண்ணை விட்டுட்டுப் போகாதீங்க!"

ஹாஜி அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல அருகில் வந்து, கட்டிலிலிருந்து கைகொடுத்து இறக்கினார்.

"சம்பந்தி," என்றார், குரல் தழுதழுக்க, "உங்களை இப்படிச் சொல்லச்சொல்லி மிரட்டினது யாரு?"

"யாரும் மிரட்டல ஹாஜி சாகிப்! சத்தியமா நான்தான்!"

"கேட்டீங்களாய்யா?" ஹாஜி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஒரு அரசாங்க அதிகாரி தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிறாரு! நம்ம வாழ்நாள்ல எங்கேயாவது பாத்திருக்கோமா?"

"இல்லை!"

"கல்யாண வீட்டுல கடமையைச் செஞ்சேன்கிறாரு! நடக்கிற காரியமா?"

"நடக்காது! நடக்காது!"

"அப்போ எவ்வளவு பெரிய இடத்து நெருக்கடி இருக்கணும்! சுவிட்சர்லாந்துக்காரனால இப்படி ஒரு மனுஷனை மிரட்ட முடியுமா?"

கூட்டத்துக்கு உயிர் திரும்பியது. பெரிய நாட்டின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தார்கள். சைக்கிள்காரன் சுவிட்சர்லாந்துக்காரனாக வேஷம் போட்டு வந்த பெரிய நாட்டு ஆள் என்று சௌத்ரி அங்கேயே கண்டுபிடித்தார். ஷகூரன் பீபி மட்டும், "அநியாயம்!" என்று கத்திக்கொண்டே போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை 'கபூல்' சொன்னான். அழித்த படங்களை எல்லோரும் அந்தச் சைக்கிள்காரனோடு மறுபடி நின்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரனுக்கு இரண்டாவது நல்லி வைத்தார்கள். அவன் ஒன்றும் புரியாமல் கண்கலங்கினான்.

சாயங்காலம் மகளை அனுப்பிவிட்டு மஷ்கூர் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். நுஸ்ரத் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"நுஸ்ரத், நீயாவது நம்பு. அன்னைக்கு டேக்சாவை மூடினது நான்தான்."

"போதும் போதும். வீட்டுல ஒழுகுற குழாயை மூட ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன், அதை மூட முடியல. டேக்சாவை மூடினாராம், அரசு கவுந்துதாம்."

"அன்னைக்கு எனக்கு வயிறு சரியில்லடி!"

"அது தெரியும். என் தம்பி அனுப்பின டப்பாவை, நாள் கடந்துபோச்சு வேண்டாம்னு சொல்லச்சொல்லக் கேக்காம வழிச்சுத் தின்னா வேற என்ன ஆகும்?" என்று அலமாரியைக் கண்ணால் காட்டினாள்.

காலியான டப்பாவில் அவள் சீரகம் போட்டு வைத்திருந்தாள். மஷ்கூர் எழுந்துபோய் அதை எடுத்தார். பாலாடைக் கட்டி டப்பா. மேலே பச்சை மலை, கழுத்தில் மணி கட்டிய மாடு. திருப்பி, கீழே எங்கே செய்தது என்று போட்டிருந்ததைப் படித்தார். சுவிட்சர்லாந்து.

இன்னொரு முறை படித்தார். ஷகூரன் பீபியின் முகம் கண்முன் வந்தது. கோட் மெஹ்தாப் அரசு கவிழ்ந்ததில் அயல்நாட்டுத் தொடர்பு இருந்திருக்கிறது. அந்த மாவட்டத்தில் எழுதப்பட்ட விசாரணை அறிக்கைகளிலேயே, தெரியாத்தனமாக உண்மையாகிப்போனது அவருடையது ஒன்றுதான்.

"ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்லை" என்று டப்பாவை அதன் இடத்தில் வைத்தார். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டப்பா பிரிக்காமல் இருந்தது.

"அதையும் நீங்க தொட்டுடாதீங்க. யாருக்காவது கொடுத்துடலாம்" என்றாள் நுஸ்ரத். "அந்தப் புது கண்காணிப்பாளர் வகாஸ் தம்பி பாவம், கூச்சப்பட்டுக்கிட்டு சரியாவே சாப்பிடல. வெளிநாட்டுச் சாமான்னா ஆசையாத் தின்னும். நாளைக்கழிச்சு மலிக் வீட்டுக் கல்யாணத்துக்கு வேற அதுதான் போகணுமாம். கொடுத்தனுப்பட்டுமா?"

மஷ்கூர் டப்பாவை எடுத்துத் தூசியைத் துடைத்தார். நாள் கடந்திருக்கிறதா என்று பார்த்தார். கடந்திருந்தது. அரசுகளின் போக்கில் தலையிடுவது அவரைப் போன்ற ஒரு சாதாரண ஊழியருக்கு அழகல்ல.

"நல்லாச் சுத்திக் கொடு" என்றார்.